பெரிய வளையம் கட்டை விரலுக்கு

நெட்டுக்குப்பம், எண்ணூர்
14.10.2024

அன்புள்ள பேத்தி நர்மதாவுக்கு உன் ஆயா மங்கை எழுதுவது.

நான் நலம். உன் அப்பன் மணியும் அம்மா செங்கொடியும் நலம். வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் நலம்தான், வழக்கம்போல நம் கொடித்துணி மேல் சாம்பல் தூவிக்கொண்டிருக்கிறது. கவுகாத்தியில் உனக்குச் சளி விட்டதா? படிப்பு படிப்பு என்று ராத்திரிச் சோற்றை விடாதே.

பார்சல் வந்தது. போஸ்ட்மேன் பீம்ராவ் தெருமுனையிலிருந்தே அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். கடைக்கு எடுத்துப் போய் அங்கேதான் பிரித்தேன். நாலு பேர் பார்க்கட்டுமே. பக்கத்துக் கூடைக்காரி குப்பம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மங்கை, பேத்தி வளையல் அனுப்பிச்சுகீதா?"

"வளையல் இல்லடி, வாத்தியார்" என்றேன்.

உன் கடிதத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. கையுறை என்று பேர், ஆனால் நாடாவில் ஐந்து வளையம்தான். போன் அதிருமே, அந்தச் சாமான் ஒவ்வொரு வளையத்திலும் பொடிசாக இருக்கிறது. பெரிய வளையம் கட்டை விரலுக்கு, மற்றதெல்லாம் வரிசையாக. மணிக்கட்டில் பெட்டி. பொத்தானை அமுக்கினால், பியானோவில் ஒரு பாட்டு வாசிக்க எந்த விரல் எப்போது விழ வேண்டுமோ அந்த விரலை அப்போது தட்டும். காதில் செருகுவதில் அதே பாட்டு கேட்கும். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கவனிக்கக்கூட வேண்டாம். நாளாக ஆக விரல் தானே கற்றுக்கொள்ளும். சரிதானே?

பியானோவைத் தொட்டே பார்க்காத ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பிடித்தாயாம். நல்ல ஆளைத்தான் பிடித்தாய். நான் அதை நேரில் பார்த்ததுகூட இல்லை. அஞ்சாங்கிளாஸ் மங்கை பியானோ வாசித்தாள் என்று எண்ணூர் முழுக்கப் பேசட்டும்.

ஈரம் படவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். மீன்காரியிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் வழி பண்ணிவிட்டேன், கவலைப்படாதே.

போனில் பேசு என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. நம் வீட்டுப் போன் ஊர்ப் போன். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் வாங்கிப் பேசிவிடுவார்கள். கடிதம் என்றால் என் பேருக்கு வருகிறது, என் கைக்கு வருகிறது.

பத்திரமாக இரு.

உன் ஆயா,
மங்கை

*

கவுகாத்தி
27.10.2024

என் தங்க ஆயாவுக்கு நர்மதாவின் முத்தங்கள்.

சளி போய்விட்டது. இங்கே ஆற்று மீன்தான், அதிலும் கடுகெண்ணெய். உன் சங்கராக் குழம்பை நினைத்துக்கொண்டு தின்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா கடலுக்குப் போகிறாரா, போட் இன்ஜின் வேலை மட்டும்தானா?

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாய். மெட்டு நானே கட்டியது. ச ரி க ம ப, ஐந்தே சுரம், விரலுக்கு ஒன்று. கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரல் வரை. கை இடம் மாற வேண்டியதே இல்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் பேராசிரியர்கள் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பார்கள். இந்தக் கையுறையால் ஒருவராவது கற்றுக்கொண்டார் என்று அன்றைக்கு நான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இதை நிறுத்திவிட்டு வேறு யாருடைய வேலையிலாவது என்னைச் சேர்த்துவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு பரண் ஏறிவிடும். இங்கே மூன்று பேர் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். நீ நாலாவது.

பாட்டு காதில் தெளிவாகக் கேட்கிறதா ஆயா? போதாவிட்டால் பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பு. மெட்டு உனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் எழுது.

உன் பேத்தி,
நர்மதா

*

நெட்டுக்குப்பம்
11.11.2024

அருமைப் பேத்திக்கு ஆயாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. கழிமுகத்தில் தண்ணீர் ஏறி, கரையில் கட்டிய போட்டெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. முட்டி பரவாயில்லை. உன் அப்பனுக்கு இப்போது இன்ஜின் வேலைதான்.

மார்ச் மாதத்தை நினைத்துப் பயப்படாதே. மற்ற மூன்று பேரை விடு. உன் ஆயா ஒருத்தி போதும்.

கடையில் உட்கார்ந்ததும் மாட்டிவிடுகிறேன். வெட்டுவது உன் அம்மா, எடுத்துக் கொடுத்து விலை சொல்வது நான். மிஷின் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அது போல இருக்கிறது. யாரோ என்னிடம் ரகசியமாக விலை கேட்கிற மாதிரி. வாங்க வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

"இன்னா ஆயா, கைல இன்னாத்தையோ கட்டிகினு கீற? சுகர் மிஷினா?"

"பியானோ கிளாஸ்."

"எங்க?"

"இங்கதான். நடந்துகினு கீது, பேசாம மீன வாங்கிகினு போ."

குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. காதில் செருகுவதை வாங்கிக் கேட்டாள். "ஷோக்கா கீது மங்கை, கோயில் மணி கணக்கா" என்றாள். ஆகவே உன் மெட்டு பிடித்திருக்கிறது.

தாழங்குப்பம் லூயிஸ் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், முகூர்த்த நாளில் ரிசப்ஷனில் கீபோர்டு வாசிப்பவன். இறால் வாங்க வந்தவன் விஷயம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆயா, என் புள்ளைங்களுக்கே ரெண்டு வருசமா சொல்லிக் குடுக்கறேன், ஒண்ணும் ஏறல. நீ மீன் வித்துகினே கத்துக்கப் போறியா?" என்றான். பொங்கல் கழிந்ததும் உன் கீபோர்டிலேயே வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மார்க்கெட்டே கேட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

இதோ, இந்தக் கடிதம் எழுதும்போதும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். விரலைத் தட்டுகிறது. எழுத்து ஆடுகிறதா பார். ஒரு சுழி ஆடவில்லை.

மழையில் நனையாதே.

உன் ஆயா,
மங்கை

*

கவுகாத்தி
2.12.2024

அன்பு ஆயாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது. அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை ஹாஸ்டலில் ஒளித்து வைத்து, மணத்தால் பிடிபட்டுவிட்டேன். உங்கள் பக்கம் வெள்ளம் வடிந்ததா?

இரண்டு செய்தி. இங்கே இருந்த மூவரில் இருவர் விலகிவிட்டார்கள், பரீட்சையாம். மிச்சம் ஒரு பையனும் நீயும்தான். அந்தப் பையன் போன வாரம் பிழையில்லாமல் வாசித்தான். துள்ளிக் குதித்துக்கொண்டு எங்கள் பேராசிரியரிடம் போனேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். "காதில்தான் பாட்டு ஓடுகிறதே. காது கற்றுக்கொண்டதா, விரல் கற்றுக்கொண்டதா? விரல்தான் என்பதற்கு என்ன சாட்சி?" அன்றிரவே நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஆயா. பாட்டை நிறுத்திவிட்டுப் புதிதாக ஆட்களைப் பிடித்துத் தொடங்க மார்ச்சுக்குள் நேரம் இல்லை.

இன்னொன்று. காதில் செருகுவதைக் குப்பம்மா ஆயாவுக்கு ஒரு நாள் கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் தினமும் நீதான் கேட்க வேண்டும், காதும் விரலும் சேர்ந்து. கேட்கிறாய்தானே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
நர்மதா

*

நெட்டுக்குப்பம்
16.12.2024

நர்மதாக் கண்ணுக்கு,

எல்லோரும் சுகம். வெள்ளம் வடிந்துவிட்டது. கருவாட்டை இனி இரண்டு கவர் போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் மிஷினைக் கழற்றின பிறகும் விரல் நிற்பதில்லை. சட்டி விளிம்பில் தட்டுகிறது, பஸ் கம்பியில் தட்டுகிறது. நான் தட்டவில்லை, அதுவே தட்டுகிறது. உன் அம்மா, "அத்த, இன்னாத்துக்கு தட்டுல தாளம் போடற, சோறு போட மாட்டேன்னா சொன்னேன்?" என்கிறாள்.

உங்கள் வாத்தியாருக்குச் சாட்சி வேண்டுமானால் என் விரலைச் சொல். அது யார் பேச்சையும் கேட்டுக் கற்றுக்கொள்கிற விரல் இல்லை.

அடுப்பில் உலை கொதிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஆயா

*

நெட்டுக்குப்பம்
20.01.2025

என் பேத்தி நர்மதாவுக்கு வெற்றிகரமான ஆயா எழுதுவது.

அனைவரும் நலம். பொங்கலுக்கு உன் பங்கு கரும்பை உன் அப்பனே தின்றான். நீ அங்கே என்ன தின்றாய்?

நேற்று லூயிஸ் வீட்டுக்குப் போனேன். குப்பம்மா கூப்பிடாமலே வந்தாள், நான் தோற்பதைப் பார்க்க. கட்டிலில் கீபோர்டு, கீழே ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியில் முழங்கால் படும்படி வசதியாக உட்கார்ந்துகொண்டேன். லூயிஸ் ஐந்து வெள்ளைக் கட்டையில் சாக்பீஸால் பொட்டு வைத்து எனக்கு நேரே வந்து நின்றான்.

"இதான் ஆயா உன் எல்ல. இதத் தாண்டாத, இன்னா?"

கையை வைத்தேன். முதல் விரல் இறங்கியது. அவ்வளவுதான் நர்மதா, அப்புறம் நான் எதுவும் செய்யவில்லை. நாளைக்கு ஏலத்தில் கவளை மீன் எடுக்கலாமா காரப்பொடி மீன் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விரல் வாசித்துக்கொண்டிருந்தது. முடிகிற இடத்தில் அதுவே நின்றது. நிமிர்ந்து பார்த்தால் லூயிஸ் வாய் மூடவில்லை.

"யார்னா கத்துக் குட்த்தாங்களா?"

"நம்ம பேட்டைல உன்ன வுட்டா கீபோர்டு யாராண்ட கீது?"

இன்னொரு தரம் என்றான். வாசித்தேன். மறுபடியும் என்றான். வாசித்தேன். "ஒரு வெரல் பெசகல ஆயா, சத்தியமா" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் குப்பம்மா என் தோளைத் தட்டித் திருப்பினாள்.

"மங்கை, நல்லாதான் வாசிக்கிற. ஆனா பாட்டு அது இல்ல."

"எது இல்ல?"

"மிஷின்ல வர்ற பாட்டு. அது ஏறுற எடத்துல நீ எறங்குற. அது எறங்குற எடத்துல நீ ஏறுற."

"உனுக்கு வயித்தெரிச்சல்டி."

"வயித்தெரிச்சலா? தெனம் காதுல வெச்சிகினு கேக்கறது யாரு? நானா நீயா?"

லூயிஸைப் பார்த்தேன். அவனுக்குப் பாட்டு தெரியாது, ஆனாலும் தலையைச் சொறிந்தான். "தப்புன்னு சொல்ல முடியல. மெட்டு மாதிரிதான் கீது. இன்னா மெட்டுன்னுதான் புரில" என்றான். போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டானாம். நீயே பார்த்துக் குப்பம்மா வாயை அடைக்கும்படி ஒரு பதில் போடு. நான் அதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

உன் பெருமைமிக்க
ஆயா மங்கை

*

நெட்டுக்குப்பம்
9.02.2025

நர்மதாவுக்கு,

நலமா? இங்கே நலம்.

பொங்கல் போய்த் தைப் பூசமும் வரப்போகிறது, உன் பதிலைக் காணோம். பீம்ராவ் என்னைக் கண்டால் கையை விரித்துக் காட்டிவிட்டு வேறு தெருவில் போகிறார். உன் அம்மாவிடம் போனில் பேசுகிறாயாம், உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். அப்படியானால் எனக்கு மட்டும்தான் பதில் இல்லை.

வாசித்தது நன்றாக இல்லை என்றால் அதையாவது எழுது. நான் அழுகிப்போகிற மீன் இல்லை.

மங்கை

*

கவுகாத்தி
13.02.2025

என் ஆயாவுக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை கடைசியில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

லூயிஸ் அண்ணன் அனுப்பிய படத்தை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தேன் என்பது பொய், கேட்டேன். முதல் வரியிலேயே மெட்டு தவறியது தெரிந்தது. தோற்றுப்போனோம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினேன்.

நேற்று வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அப்போதுதான் உன் கையைப் பார்த்தேன். ஆயா, நீ வாசிப்பது இடது கையால்!

இங்கே எல்லோரும் வலது கையை நீட்டினார்கள், நான் மாட்டினேன். எந்தக் கை என்று உனக்கு எழுத வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அதே ஐந்து கட்டைகளில் இடது கையை வைத்தால் ச மீது சுண்டு விரல் வருகிறது, ப மீது கட்டை விரல். ஆகவே ச விழ வேண்டிய இடத்திலெல்லாம் நீ ப வாசிக்கிறாய். ரி வர வேண்டிய இடத்தில் ம. நடுவிரலின் க மட்டும் மாறவில்லை. மெட்டு முழுசாகத் தலைகீழ். ஒரு சுரம்கூடப் பிசகாத தலைகீழ். குப்பம்மா ஆயா சொன்னது அவ்வளவும் சரி.

இப்போது நான் எழுதப் போவதற்கு என் மேல் கோபப்படலாம். அந்தப் பாட்டை நீ ஒரு நாளாவது கேட்டிருந்தால் லூயிஸ் அண்ணன் வீட்டில் முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பாய். பீம்ராவ் பார்சலைத் தூக்கிக் காட்டுகிறார். லூயிஸ் அண்ணன் நேரே வந்து நின்று பேசுகிறார். நீ முழங்காலை ஸ்பீக்கரில் வைத்துக்கொள்கிறாய். போனுக்கு வந்தே இரண்டு வருடம் ஆகிறது. பாட்டு கேட்கிறதா என்று நான் கேட்ட எதற்கும் நீ பதில் எழுதவில்லை. இதையெல்லாம் உன் கையெழுத்தில் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் பேராசிரியர் கேட்ட சாட்சி நீதான் ஆயா. நீ வாசித்த மெட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கட்டவில்லை, பெட்டியில் ஓடவில்லை. அது காது வழியாக வந்திருக்கவே முடியாது. விரல் வழியாக மட்டும்தான் வந்திருக்க முடியும்.

ஆனால் படத்தைக் காட்டினால் அவர்களுடைய முதல் கேள்வி, தப்பாக வருவது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லையா என்பதாக இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், உனக்குக் காது கேட்காது என்பதையும் சேர்த்து. அப்பாவுக்கும் அது தெரிய வரும். நீ வேண்டாம் என்றால் ஒரு எழுத்து எழுத மாட்டேன். படத்தையும் காட்ட மாட்டேன். மார்ச் போனால் போகட்டும்.

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

உன் நர்மதா

*

நெட்டுக்குப்பம்
24.02.2025

நர்மதாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. காது கேட்கவில்லை. கேட்டாயே, சொல்லிவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். தப்பு என் மேல் இல்லை. வலது கை தொழில் கை. மீன் எடுக்க, தராசில் போட, சோறு தின்ன, திருநீறு இட எல்லாவற்றுக்கும் அதுதான். ஈரம் படக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியது யார்? இடது கை மடியில் சும்மா கிடந்தது, அதில் மாட்டினேன். எந்த மீன்காரியைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பாள்.

உன் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு நாள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கப் போய் ஐஸ் உடைக்கிற மிஷின் பக்கம் அத்தனை வருஷம் நின்றதுக்கு அது வாங்கிக்கொண்ட கூலி இந்தக் காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டு வருஷமாகச் சுத்தமாக இல்லை. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வெளியே சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. "நீ ஊட்லயே குந்து" என்பான் உன் அப்பன். ஒரு வாரம் நான் போகாவிட்டால் மார்க்கெட்டில் என் இடத்தில் வேறு கூடை உட்கார்ந்துவிடும். நான் பயந்தது அதற்குத்தான்.

மூன்றாம் நாள் காலையில் ரோட்டைத் தாண்டும்போது முடிவு செய்தேன். பிறர் சொல்லி என் விஷயம் தெரியக் கூடாது, நானே சொல்ல வேண்டும். குப்பம்மாவை நிறுத்திச் சொன்னேன்.

"எனுக்கு காது கேக்காது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்த சொல்லவா ரோட்டு நடுவுல நிறுத்தின? தெனம் உன் கைய இஸ்துகினு தாண்டறேனே, ஆசையிலயா? தெரியாதவங்க யாரு கீறாங்க, உன் பேத்தி ஒருத்திதான்."

"மணிக்கு?"

"மணிதான் அம்மாவ பாத்துக்கோன்னு என்னாண்ட சொன்னான். கேட்டா நீ கடிச்சி வெப்பேன்னு அவன் கேக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நாலு வார்த்தை பேசினேன். அவளும் பேசினாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்திருப்பான் போலிருக்கிறது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் வந்தும் அவள் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பனை எதிரில் உட்கார வைத்துச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்து, "ஏலத்துக்கு மட்டும் தனியா போவாதம்மா" என்றான். வாயை நன்றாக அசைத்துச் சொன்னான். சரி என்றேன். ஏலத்துக்கு இனி அவனோடு போவேன். கடை என் கடை.

ஆகவே எழுதிக்கொள். கேட்காது என்றே எழுது. கொஞ்சம் மந்தம், சற்றுக் குறைவு என்றெல்லாம் பூச வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வயதான பெண் என்று மொட்டையாகப் போடாதே. என் பேரைப் போடு, ஊரைப் போடு, தொழிலைப் போடு.

அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு பெரியவர்கள் முன்னால் நிற்காதே.

உன் சாட்சி,
மங்கை

*

கவுகாத்தி
22.03.2025

என் ராணி ஆயாவுக்கு,

நான் நலம், மிக மிக நலம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், மூன்று இட்லி.

முதலில் என் மெட்டை அப்படியே போட்டுக் காட்டினேன். பிறகு உன் படம். ஒருவர் உடனே கையைத் தூக்கினார். "வாசித்தது தப்பு" என்றார். "தப்புதான், எவ்வளவு ஒழுங்கான தப்பு என்று பாருங்கள்" என்று சொல்லி விரல் கணக்கைப் பலகையில் எழுதினேன். அடுத்து நான் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. "அந்த அம்மாவுக்குக் காதில் விழவில்லையா?" நீ சொன்னபடியே, "அவருக்குக் காது கேட்காது" என்றேன். எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் விரல்தான்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

வேலை தொடர்கிறது. இனிக் காது கேட்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்ததும் உன் படத்தை ஓட விட்டு, அங்கே இருந்த பியானோவில் என் வலது கையால் சரியான மெட்டைச் சேர்த்து வாசித்தேன். நீ இடது, நான் வலது. என் ச-வுக்கு எதிரே உன் ப. என் ரி-க்கு எதிரே உன் ம. நடுவிரலுக்கு வரும்போது இருவருக்கும் ஒரே க. எங்கேயும் உரசவில்லை. தம்புரா மீட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று பொருந்திப் போனது. வெளியே போனவர்கள் திரும்பி வந்து நின்று கேட்டார்கள். நான் கட்டினபோது இந்த மெட்டுக்குப் பாதி உடம்புதான் இருந்திருக்கிறது.

கட்டுரைக்குள் பெயர் போடக் கூடாது என்பது விதி. ஆனால் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல இடம் உண்டு. அங்கே இருக்கிறது: மங்கை, மீன் வியாபாரம், நெட்டுக்குப்பம், எண்ணூர்.

கையுறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உனக்குத்தான். மே மாதம் வருகிறேன். உன் காதை டாக்டரிடம் காட்டுவோம், மறுக்காதே. குப்பம்மா ஆயாவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைச் சத்தமாகவே படித்துக் காட்டு.

உன்
நர்மதா

*

நெட்டுக்குப்பம்
19.04.2025

ஆசைப் பேத்திக்கு ஆயாவும் குப்பம்மாவும் எழுதுவது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பேரையும் போடச் சொல்கிறாள், போட்டுவிட்டேன்.

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மார்க்கெட்டில் நின்று படித்தேன். லூயிஸ் ஒரு கிலோ இறால் வாங்கிப் பேரம் பேசாமல் போனான். அவன் என்னைக் கும்பிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் வருகிறேன். மிஷின் மாட்டிக்கொள் என்பார், மாட்டிக்கொள்வேன். விரலுக்கு மாட்டியாகிவிட்டது, காதுக்கு மாட்ட என்ன வெட்கம்?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. காசிமேட்டில் பெரிய போட்டெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. சின்ன போட் மீன் கொஞ்சம் வருகிறது, வெயில் ஏறுவதற்குள் விற்றுப்போகிறது. அப்புறம் நாளெல்லாம் சும்மாதான். இத்தனை வருஷத்தில் தடைக்காலம் வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்தத் தடவை வரட்டும் என்று காத்திருந்தேன்.

பாதி உடம்பு என்று எழுதியிருந்தாயே. மற்றப் பாதியை வாசிக்க நீ கவுகாத்தியிலிருந்து வர வேண்டுமா? இரண்டு கையும் என்னிடமே இருக்கிறது. மே மாதம் நீ வரும்போது லூயிஸ் வீட்டில் நான் ஒருத்தியே வாசிப்பேன். நீ குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

இந்தத் தடவை எழுத்து கோணல் மாணலாக இருக்கும். ஆயாவுக்குக் கை நடுங்குகிறது என்று உன் அம்மாவிடம் போனில் கேட்டுவிடாதே. தொழில் கைக்கு லீவு விட்டாயிற்று. வளையத்தை வலது கையில் மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் பேனாவைத் தட்டிவிடுகிறது.

இதோ, இப்போது நடுவிரல், இரண்டு கைக்கும் ஒரே க. இது மட்டும் எனக்கு முன்னமே தெரியும்.

உன் ஆயா,
மங்கை